ஆடு துலுக்கும் வரை

என் சகலை சென்னிமலைக் கவுண்டருக்கு யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்யத் தெரியாது. சந்தையில் மாடு பிடிக்கப் போனால் தரகனைக் கேட்பார், கூட வந்தவனைக் கேட்பார், வழியில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவளைக் கேட்பார்; விட்டால் மாட்டையும் கேட்பார் என்று நான் கேலி செய்வதுண்டு. அவருக்குக் கோபம் வராது. "கேட்டா என்னங் கொறைஞ்சு போச்சு?" என்பார். இந்த மனிதரைத்தான் 1931-இல் எங்கள் வட்டாரத்து ஜனங்கள் தாலுகா போர்டுக்கு மெம்பராக அனுப்பினார்கள். அனுப்பியதன் பலன் ஊரில் யாரையும் சுடவில்லை. அவர் மனைவி கண்ணாத்தாளைச் சுட்டது. அவர் என் மனைவி சென்னம்மாளின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

திருமணிமுத்தாற்றுக்குக் கிழக்கே சகலையின் ஊர், மேற்கே என் ஊர். எங்கள் மாமியார் குப்பாயி அம்மாளின் தோட்டம் என் தோட்டத்துக்கு அடுத்தது. அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. இளைய மகளை எனக்குக் கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மூத்தவளை அக்கரையில் கொடுத்தார். கோடையில் ஆறு வெறும் மணல்தான். அக்கா மத்தியானம் மணலில் நடந்து வந்து தாய்க்குத் தலை பின்னிவிட்டு, பால் கறக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுவார். ஐப்பசியில் தண்ணீர் இறங்கிவிட்டால் போக்குவரத்து நின்றுவிடும். பரிசல் கிடையாது, சுற்றிப் போனால் இரண்டு நாள் வண்டிப் பாதை, அதிலும் ஓடைகள் இருக்கின்றன. தாயும் மகளும் எதிர் எதிர்க் கரையில் விளக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சகலையை ஏன் மெம்பராக்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நடுவில் உட்கார அவரைத்தான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரர் என்று இல்லை. இரண்டு பேர் சொல்வதையும் கடைசி வரை கேட்பார்; நடுவில் எழுந்து எச்சில் துப்பக்கூடப் போக மாட்டார். தேர்தல் வந்தபோது போர்டுப் பிரசிடெண்டின் கட்சி ஓர் ஆளை நிறுத்தியது. பிரசிடெண்டை இறக்கப் பார்த்தவர்கள் இன்னோர் ஆளை நிறுத்தினார்கள். இரண்டு பேருமே ஜனங்களுக்குச் சலித்துப் போனவர்கள். எந்தப் பக்கமும் சேராத ஆள் என்று தேடியபோது சகலைதான் அகப்பட்டார்.

அவர் ஒரு வீட்டுப் படியும் ஏறி ஓட்டுக் கேட்கவில்லை. கரியகாளியம்மன் கோயில் முன்னால் நின்று ஒரே பேச்சுத்தான் பேசினார்.

"நான் எந்தக் கட்சியிலயும் சேர மாட்டனுங்க. எந்தத் தீர்மானம் வந்தாலும் ஊருக்கு வந்து உங்களைக் கேட்டுப்போட்டுத்தான் கை தூக்குவேன். இது அம்மன் முன்னால சொல்றது."

அவ்வளவுதான். எதிர்த்து நின்ற இருவரும் மண்ணைக் கவ்வினார்கள்.

நான் அப்போதே காங்கிரசில் நாலணா மெம்பர். எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவரிடமே சொன்னேன். அவர் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டிக்கொண்டே பதில் சொன்னார். கிணற்றிலிருந்து சால் ஏறும்போது பேசுவார், இறங்கும்போது நிறுத்துவார்.

"கட்சிக்காரன் போர்டுக்குள்ள போறதுக்கு முன்னாலயே கையை எழுதிக் குடுத்துப்போட்டுத்தான போறான்? அப்பறம் அவனை அனுப்புன ஊருக்கு என்னங்க மரியாதை?"

"கட்சி இல்லீன்னா பங்காளிதான் கட்சி, சகலை. பேருதான் வேற."

"பங்காளியையும் கேக்கறேன், மாமன் மச்சானையும் கேக்கறேன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டா ஒரு வழி தெரிஞ்சிருமுங்க."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.

ஒரு தடவை அவரோடு போர்டுக் கூட்டம் பார்க்கப் போனேன். கூட்டம் என்று பேர்தான். முந்தின நாளே பிரசிடெண்டு வீட்டில் அவர் கட்சிக்காரர்கள் சாப்பிட்டு, யாருக்கு எந்தக் கிணறு, எந்தப் பள்ளிக்கூடம் என்று பேசி முடித்திருப்பார்கள். எதிர்ப் பக்கத்தாரும் அப்படியே, வேறொரு வீட்டில். மறுநாள் வந்து கை தூக்குவது ஒன்றுதான் பாக்கி. அந்த வருஷம் இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் என் சகலை, துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு. அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். பிரசிடெண்டு அவரைப் பார்ப்பார், எதிரிகளும் அவரைப் பார்ப்பார்கள், சகலை எழுந்து "ஊரைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்பார். முதல் கூட்டத்தில் சிரித்தார்கள். பிறகு பல்லைக் கடித்தார்கள்.

1932 கோடையில் அந்த வேலை வந்தது. எங்கள் வட்டாரத்துக்கு அந்த வருஷம் போர்டுச் செலவில் ஒரே ஒரு வேலை. ஆற்றில் தாம்போதி கட்டலாம். வெள்ளம் மேலே புரண்டாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் ஊன்றி நடக்கிற மாதிரி ஆற்றுத் தரையோடு தாழக் கட்டுகிற கல் பாலம். இல்லையென்றால் சகலையின் ஊரிலிருந்து கிழக்கே பெரிய ரோடு வரை ஜல்லி ரோடு போடலாம். எது என்று மெம்பர் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை வேறு வட்டாரத்துக்குப் போய்விடும். பிரசிடெண்டு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: எங்கள் கட்சிக்கு வந்துவிடுங்கள், இந்த வருஷம் தாம்போதி, அடுத்த வருஷம் ரோடு, இரண்டும் உங்களுக்கே. சகலை வந்த ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு வாங்குவதற்காக நான் அன்றைக்கு அங்கே போயிருந்தேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அவர் எதிரில் நின்றார்.

"ஏனுங்க, ஆத்தாளுக்கு இப்பவே மூச்சு இழுக்குது. போன ஐப்பசிக்குத் தப்புனதே பெரிசு. மறுக்காத் தண்ணி வந்தா நான் எப்புடிங்க போய்ப் பாக்கறது? தாம்போதின்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"ஊரைக் கேக்கோணுமல்லோ, கண்ணாத்தா."

"நானும் ஊருதானுங்களே."

சகலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைக் கூட்டக் கிளம்பினார். உலகத்தில் எல்லாரையும் கேட்கிற மனிதர்தான். ஆனால் ஊர் என்றால் அவருக்குக் கோயில் முன்னால் துண்டை விரித்து உட்காருகிற ஆண்பிள்ளைகள். அதைத் தாண்டி அவர் யோசித்ததில்லை, நானும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஊர் கூடியது. கிழக்கே மேட்டுக்காட்டில் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாம் சகலையின் பங்காளிகள். அவர்களுக்கு ரோடு வேண்டும், கடலைக்காய் வண்டி போக. ஆற்றோரம் நிலம் வைத்திருந்தவர்கள் மாமன் மச்சான் வகை. அவர்களுக்குத் தாம்போதி வேண்டும், மேற்கே திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போக. நான் சொன்ன கட்சிகள் இரண்டும் கொடி இல்லாமல் உட்கார்ந்திருந்தன. கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். சமம். மறுபடி எண்ணினார்கள். சமம். உடம்பு சரியில்லாத ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். உடனே எதிர்ப் பக்கத்தார் போய்த் தங்கள் பக்கத்துக் கிழவர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மீண்டும் சமம்.

"மெம்பரு, நீங்க ஒரு கையைத் தூக்குங்க. முடிஞ்சு போச்சு" என்றார் ஒருவர்.

"நான் கேக்க வந்தவனுங்க. சொல்ல வந்தவன் இல்லீங்க" என்றார் சகலை.

எனக்கு அவரை அங்கேயே நாலு அறை விடலாம் போல இருந்தது. வயதில் மூத்தவர், விட முடியாது.

கடைசியில் அம்மனையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் அம்மன் உத்தரவை ஆட்டிடம்தான் கேட்பார்கள். கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றி, கேள்வியைச் சொல்வார்கள். அது உடம்பை உதறினால், துலுக்குவது என்போம், அம்மன் சம்மதித்ததாக அர்த்தம். பெரும்பாலும் ஆடு உடனே துலுக்கிவிடும். ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும் என்று நான் சொல்வதுண்டு. அந்த ஆடு என் வாயை அடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட்டார்கள். மறுநாள் மத்தியானம் டவுனில் போர்டுக் கூட்டம். "தாம்போதிக்கு உத்தரவுன்னா துலுக்கு, ஆத்தா" என்று பூசாரி தண்ணீர் ஊற்றினார். கறுப்புக் கிடாய் அசை போட்டுக்கொண்டு நின்றது. ரோட்டுக்குக் கேட்டார். அதற்கும் நின்றது. ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்து மறுபடி கேட்டார்கள். ஆடு யாரையும் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் விஷயம் கேள்விப்பட்டு நான் மணலில் ஓடினேன். கோயில் வாசலில் வண்டி பூட்டி நின்றது. சகலை போர்டுக்குப் போட்டுப் போகும் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஆட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அக்கா கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து பூசாரி பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். அடுத்த குடத்துக்குக் கிணற்றடிக்குப் போனார்.

"சகலை, ஆட்டை உட்டுப்போட்டு வண்டி ஏறுங்க. போற வழியில யோசிச்சுக்கலாம்."

"அம்மன் முன்னால சொன்ன வாக்குங்க. ஊரு சொல்லாம நான் எப்புடிக் கை தூக்கறது?"

"ஆடு சொல்லாட்டி?"

"சொல்லுமுங்க."

சொல்லத்தான் செய்தது. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பி வரும் நேரத்தில், தாம்போதிக்குக் கேட்டபோது, கழுத்திலிருந்து வால் வரை ஒரு உதறு உதறியது. சுற்றி நின்றவர்கள் மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. கொட்டு முழங்கியது. அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குப் போர்டு எத்தனை மணிக்குக் கூடும், எத்தனை மணிக்குக் கலையும் என்று தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சகலை அந்த வேகத்திலேயே டவுனுக்கு வண்டியை ஓட்டினார். ஆபீஸ் வாசலில் காவல்காரன் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தான். எங்கள் மெம்பர் வராததால் கூட்டத்தில் இரண்டு பக்கமும் சமமாகி, சமம் வந்தால் தமக்குள்ள ஓட்டைப் பிரசிடெண்டு போட்டு, வேலையை வேறு வட்டாரத்துக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஊரில் ஒரு சண்டையும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்று வரை ஆறவில்லை. ஆற்றோரத்தார் அம்மன் எங்கள் பக்கம் என்று சந்தோஷப்பட்டார்கள். மேட்டுக்காட்டார் தாம்போதியும் வரவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். மெம்பர் வாக்கைக் காப்பாற்றினார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கிடாயை வெட்டிப் பங்கு வைத்தார்கள். என் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. தாம்போதி மட்டும் இல்லை.

அந்த ஐப்பசியில் மாமியார் இறந்துபோனார். ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரைக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. வெள்ளச் சத்தத்தில் மனிதக் குரல் எட்டாது. பறைச் சத்தம் எட்டும். அதைக் கேட்டு அக்கா தானாகவே கரைக்கு வந்துவிட்டார். இரண்டாம் நாளும் தண்ணீர் வடியவில்லை. உடம்பை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. பாடையைத் தூக்கி வந்து ஆற்றங்கரையில், அக்கா பார்க்கும்படி இறக்கினோம். தலைமாட்டில் துணியைச் சற்று விலக்கினோம். அந்தத் தூரத்தில் முகம் தெரிந்திருக்காது.

சென்னம்மாள் வாய்க்கரிசி போட்டாள். தனக்கு ஒரு தடவை, அக்காவுக்காக ஒரு தடவை. அக்கா அக்கரையில் முந்தானையில் அரிசி முடிந்து கொண்டுவந்திருந்தார். முடிச்சை அவிழ்த்தார். கை நிறைய எடுத்து, தண்ணீர் ஓரம் குனிந்து, ஆற்றில் விட்டார். மூன்று தடவை விட்டார். பிறகு முந்தானையை உதறி மடித்துச் செருகிக்கொண்டு நின்றார். சகலை பக்கத்தில் நின்றார். பாடையைத் தூக்கும்போது அவர் குடையை விரித்து அக்காவுக்குப் பிடித்தார். அப்போது மழைகூட இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. சென்னம்மாளும் அழவில்லை. வேலைகள் இருந்தன, செய்தோம்.

தண்ணீர் வடிந்தபின் அக்கா வந்தார். தாயின் வீட்டைக் கூட்டிப் பெருக்கினார், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார், கட்டிலை வெயிலில் போட்டார், சாயங்காலம் திரும்பிப் போனார். அதற்கப்புறம் வரவில்லை. ஆறு காய்ந்து கிடந்தாலும் வரவில்லை. அவர்கள் வீட்டில் எல்லாம் முன்போலத்தான் நடந்தது. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தண்ணீர். சகலை ஏதாவது கேட்டால் அக்கா "சரிங்க" என்பார். முதலில் அதைப் பொறுமை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவருக்கு எதிலும் ஒன்றும் தோன்றுவதில்லை. முன்பெல்லாம் விதைக் கடலையைப் பதம் பார்த்து இது ஆகும் இது ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர், இரண்டு கூடையைக் காட்டி எது என்று கேட்டால் இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சகலை மிச்சக் கூட்டங்களுக்குப் போய்வந்தார். 1934-இல் தாலுகா போர்டுகளையே எடுத்துவிட்டார்கள். யாரையும் கேட்டு எடுக்கவில்லை.

1937 மாசியில் சட்டசபைத் தேர்தல் வந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி, எங்கள் காங்கிரசுக்கு மஞ்சள். புதுச் சட்டத்தில் பட்டாதாரரின் மனைவிக்கும் ஓட்டு உண்டு. அக்காவுக்கும் இருந்தது. ஓட்டுச் சாவடி எங்கள் கரையில், பள்ளிக்கூடத்தில். நான் வண்டியில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு ஓட்டர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். சகலையையும் அக்காவையும் கூப்பிடப் போனேன். "வண்டியில கட்சி பேசக் கூடாது" என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் சகலை ஏறினார்.

முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்சி ஜெயித்தது, மந்திரிசபை அமைத்தது, இரண்டு வருஷம் சொச்சத்தில் ராஜினாமா செய்தது. பிறகு யுத்தம். தாம்போதி கேட்டு நான் எழுதிப் போட்ட மனுக்கள் எங்கே போயின என்று தெரியாது. இதை எழுதுகிற 1946-லும் ஆற்றில் தாம்போதி இல்லை. அதற்காக அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி என்னைத் திட்டுகிறார். மழைக்காலம் நெருங்கினால் கட்டாயம் வருவார். நான் வாங்கிக்கொள்கிறேன். திட்ட வருகிற அன்றைக்குத்தான் அவர் ஆற்றைத் தாண்டுகிறார்.

அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு மூவரும் மணலில் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆற்று நடுவில் சக்கரம் மெதுவாகத்தான் உருளும். அக்கா கேட்டார்.

"போட்டீங்களா?"

சகலை மடியிலிருந்து ஓட்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். நான் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"ஐயையோ சகலை, இதைக் கொண்டாரக் கூடாதுங்க! பெட்டியில போடோணும்."

"தெரியுமுங்க. உள்ள ஆரையும் கேக்க முடியல. மஞ்சப் பொட்டி, பச்சைப் பொட்டின்னு வெச்சிருக்கறாங்க. கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்."

"நான் மஞ்சப் பொட்டியில போட்டுட்டேன்" என்றார் அக்கா.

"ஆரைக் கேட்டுப் போட்டே?"

"ஆரையும் கேக்கலீங்க." அக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "தம்பியோட கட்சி தாம்போதி கட்டுமா கட்டாதான்னு எனக்குத் தெரியாது. கட்டாட்டித் தம்பி ஊட்டு வாசல்ல நின்னு திட்டுவேன். திட்டறதுக்கு ஒரு ஆளு வேணுமல்லோ. ஆட்டைத் திட்ட முடியுங்களா?"

நான் மாட்டைத் தட்டி ஓட்டினேன். கட்சி பேசக் கூடாது என்று நிபந்தனை. சகலை சீட்டை நாலாக மடித்தார், மறுபடி பிரித்தார். கிழக்குக் கரை நெருங்கும்போதுதான் பேசினார்.

"என்னைத் திட்டியிருக்கலாமல்லோ, கண்ணாத்தா. இத்தனை வருசத்துல ஒரு நாளும் நீ திட்டலியே."

அக்கா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை, ஒன்றுமேயில்லை அந்தப் பார்வையில்.

"உங்களை என்னன்னு திட்டறதுங்க? நீங்க ஊரைக் கேட்டுத்தான செஞ்சீங்க."